பனி ஒதுங்கும் வீடு

மல்வேர்னில் பனி விழ மறுத்த ஒரே வீடு அருள்நாயகத்தினுடையது. 1997 கார்த்திகை தொடங்கி, வானத்திலிருந்து இறங்கும் பனி அவருடைய கூரைக்கு மூன்றடி மேலே நின்று, சற்று யோசித்து, பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியின் வாசலில் போய் விழுந்தது. பாலேஸ்வரி இரண்டு வீட்டுப் பனியையும் சவளால் அள்ளித் தள்ளினார். ஒன்பது வருடம் இரண்டு வேலை செய்து வாங்கிய வீட்டை, மோட்கேஜ் கட்டுவதற்காக முழுசாக வாடகைக்கு விட்டிருந்த அருள்நாயகம், சனிக்கிழமைகளில் வந்து காரை விட்டு இறங்காமலே பார்ப்பார்.

"அக்கா, ஸ்னோவுக்கும் ஆள் தெரியும். சவள் பிடிக்கிறதுக்கெண்டே பிறந்த ஆக்கள் இருக்கினம்."

"ஓமோம். உம்மடை வீட்டிலை இருக்கிறவை ஏன் யன்னல் திறக்கிறேல்லை எண்டு ஒருக்காக் கேளும்."

"உது பிரைவசி, அக்கா."

அருள்நாயகம் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதில், குளிருக்குப் பட்டுப்போகப் பார்த்த தன் கறிவேப்பிலைக் கன்றை, அந்த வீடு நல்ல சூடு என்று அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மாறிப்போகாமலிருக்கச் சாடியில் தன் பெயரையும் ரெலிபோன் நம்பரையும் எழுதியிருந்தார். அவர்கள் மிகப் பணிவாக வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். மாசியில் பொலிஸ் கதவை உடைத்தபோது வீட்டுக்கு அடியில் பேஸ்மன்றில், சூடான விளக்குகளின் கீழ் நானூற்றுப் பன்னிரண்டு கஞ்சாச் செடிகளும், மேல்தட்டை முட்டிய ஒரு கறிவேப்பிலையும் நின்றன. குடியிருந்தவர்கள் நிற்கவில்லை.

தெரிந்தே கொடுத்த வீடென்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றார் அருள்நாயகம். கூரையில் பனி இல்லாததைக் கண்டும் சந்தேகம் வரவில்லையா என்று அரசாங்க வக்கீல் கேட்டார். "அது எனக்குத் தந்த மரியாதை எண்டு நினைச்சன்." நீதிபதி அதை எழுதிக்கொண்டார், விளங்கவில்லை, கறிவேப்பிலையை முகர்ந்தார், அதுவும் விளங்கவில்லை, சாடியில் இருந்த பெயரை வாசித்தார், அது விளங்கியது, வீட்டை அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்தார். விளக்குகளைக் கழற்றி, ஹீற்றரை நிறுத்திய பிறகும் பனி அங்கே விழவில்லை. இரண்டு அதிகாரிகள் வந்து அண்ணாந்து பார்த்து, படிவத்தில் 'கூரை: உலர்ந்தது' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

வழக்குச் செலவோடு, தான் குடியிருந்த அப்பார்ட்மென்ரும் போய், 1999 தையில், நகரம் பனி தள்ள இராணுவத்தைக் கூப்பிட்ட கிழமை, அருள்நாயகம் பாலேஸ்வரியின் பேஸ்மன்றுக்குக் குடிவந்தார்.

"வாடகை என்ன மாதிரி, அக்கா?"

"சவள் கராச்சுக்குள்ளை கிடக்கு, தம்பி."

அரசாங்கத்தின் கூரைக்கு மேலே வந்த பனி நின்று, யோசித்து, இந்தப் பக்கம் திரும்பியது. அருள்நாயகம் அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டு வீட்டுப் பனியையும் தள்ளினார்.