பேரி மரத்து ஜன்னல்

...முதலில் நூலை அறுக்க வேண்டும், அதுதான் சரி, குழாய் வாயில் நான் கட்டிவிட்ட வெள்ளை நூல், சொட்டுகிற தண்ணீர் சத்தமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு வாளிக்குள் இறங்கட்டும் என்று கட்டியது, அறுத்தாயிற்று, இதோ ஆரம்பித்துவிட்டது, டொக், டொக், கேட்கட்டும், சீசனுக்கு வரப்போகிற புது ஜோடிகள் தூங்காமல் கிடந்து கேட்கட்டும், விடிந்ததும் வீட்டுக்காரம்மா விசாலாட்சியிடம் போய்ச் சண்டை பிடிக்கட்டும். வாசலில் ஜெயச்சந்திரன் வேனில் கட்டிலை ஏற்றிவிட்டு, "வெரசா வா, வண்டிக்காரன் கத்துறான்" என்கிறார், கத்தினால் கத்தட்டும், கட்டின புருஷனுக்குத் தெரியாதா எனக்கு இங்கே இன்னும் சோலி இருக்கிறதென்று. நாயுடுபுரத்தில் இந்தப் பின்வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது இந்தக் குளியலறை என்ன லட்சணத்தில் இருந்தது? திரும்பினால் முழங்கை இடிக்கும், பிணவறை மாதிரி ஒரு டியூப்லைட், காலை வைத்தால் உச்சந்தலை வரை குளிர் ஏறுகிற சிமெண்டுத் தரை, கருப்புப் பெயிண்ட் அடித்து அடைத்த ஒரு சின்ன ஜன்னல். சுவரைத் தொடக் கூடாது, ஒரு ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் சாவியையே கொடுத்தாள். அடிக்கவில்லையே, ஒரு ஆணிகூட அடிக்காமல்தானே இதை இப்படி ஆக்கினேன், அதற்குத்தான் இந்தத் தண்டனையா?

மஞ்சள் பல்பைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொள்கிறேன், டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரை, நானே பிடுங்கி ஒளித்து வைத்திருந்ததை, திரும்ப மாட்டுகிறேன், எரிகிறது பார் வெள்ளை வெளேரென்று, இந்த வெளிச்சத்தில் எந்தப் பெண்ணும் தன் உடம்பைத் தானே பார்க்கச் சகிக்காது. அடுத்தது காலடியில் போட்ட பிளம்ஸ் பெட்டிப் பலகை, அதுவும் என்னோடுதான் வரும். பிறகு குழாய்க் கம்பியில் தொங்குகிற தைல மரத்து இலைக் கொத்து... அதைக் கையில் எடுத்ததும் கொஞ்சம் நின்றுவிட்டேன், வாசம் இன்னும் இருக்கிறது. நாளெல்லாம் கேரட் கழுவுகிற கை, சாயங்காலம் விரல் மடங்காது, வெந்நீரின் ஆவி இந்த இலையில் பட்டதும் கிளம்புகிற வாசத்தில்தான் விரலுக்குள் உயிர் வரும். குடிவந்த புதிதில் சோப்பு டப்பா, ரேசர், பிரஷ் என்று கண்ணில் படுகிற அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன், ஒரு வாளி, ஒரு செம்பு, அவ்வளவுதான் வெளியே, அறை தானாகப் பெரிதாகிவிட்டது. எங்கம்மா சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கீழே பீலிக்கரையில் குளித்தவள், மலைத்தண்ணீர் விழுகிற பீலி, மேலே ரோட்டில் கங்காணி போவார் வருவார், பாவாடையை நெஞ்சுக்கு மேலே கட்டிக்கொண்டு அவசர அவசரமாக ஊற்றிக்கொள்வாளாம், "ஒரு நாளும் முழுசாக் குளிச்சதில்ல புள்ள" என்பாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டு முழுசாகக் குளித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். இனி வடகவுஞ்சி, அங்கே கிடைத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டி, அதைச் சுற்றி சாக்குப் படுதா.

எல்லாம் முன்வீட்டு கீசர் கெட்டுப்போன நாளில் வந்த வினை. விசாலாட்சியம்மா துண்டோடு வந்து நின்றாள், பாவமே என்று நானே வெந்நீர் காய்ச்சி ஊற்றிவைத்து, பலகையைத் துடைத்துப் போட்டேன், புத்தி கெட்டவள். உள்ளே போனவள் போனவள்தான், சத்தமே இல்லை, மயங்கி விழுந்துவிட்டாளோ என்று கதவைத் தட்டினேன். கண் சிவந்து வெளியே வந்தாள், சோப்பு போலிருக்கிறது, "நல்லா இருக்குத்தா" என்றபடி முன்வீட்டுக்குப் போய்விட்டாள். மறு வாரமே அவள் மகன் யோகேஷ் டிஜிட்டல் கேமராவோடு வந்து பலகையை, இலையை, ஜன்னலை எல்லாம் படம் பிடித்துவிட்டு, சீசனுக்கு ஆள் விடப்போகிறோம், காலி பண்ணுங்கள், அம்மாதான் சொல்லச் சொன்னது என்றான். என் கையால் நான் அழகாக்கிய அறையே என்னைத் துரத்துகிறது, வயிறு எரியாமல் என்ன செய்யும்? அந்தப் படத்தில் இருக்கிற எதுவும் இனி இங்கே இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கடைசியாக ஜன்னல். ஜெயச்சந்திரனின் பிளேடால் மத்தியான நேரங்களில் நகக்கண் வலிக்க வலிக்க நான் சுரண்டி எடுத்த கண்ணாடி, ஒரு ஓரத்தில் பேரி மரம் தெரிந்த அன்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மரத்துக்கு அப்பால் முள்வேலி, அதற்கப்பால் பள்ளம், மேகத்தைத் தவிர எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. பங்குனியில் இலையே தெரியாமல் வெள்ளையாகப் பூக்கும், வெந்நீர் ஆறுகிறதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் லாரிக்கு நம்பர் எழுதி மீந்த கருப்புப் பெயிண்ட் டப்பாவை நேற்றே கேட்டு வாங்கி வைத்துவிட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. முதல் இழுப்பில் மேகம் போனது, அடுத்ததில் மரத்தின் தலை, இனி நான் பார்க்க முடியாத மரத்தை எவளும் பார்க்க வேண்டாம்.

சாவி வாங்க விசாலாட்சியம்மாவே வந்தாள். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டுமென்றுதான் வாசலை மறைக்காமல் ஒதுங்கி நின்றேன். அவள் கத்தவில்லை. சொட்டுகிற குழாயை, வெறும் தரையைப் பார்த்தாள், ஜன்னலை வெகுநேரம் பார்த்தாள்.

"நான் அடிச்ச மாதிரியே அடிச்சிருக்க" என்றாள்.

"நீங்களாம்மா அடிச்சீங்க?"

"கல்யாணமாகி வந்த புதுசுல இந்த வீட்லதான இருந்தோம். எங் கொழுந்தன் அந்தப் பேரி மரத்தடியில வந்து நிப்பாரு, நான் குளிக்கப் போற நேரமாப் பாத்து. வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் பேசல, பெயிண்ட் டப்பாவக் கொண்டாந்து குடுத்தாரு. கொழுந்தன் செத்தும் வருசமாச்சு, சுரண்டணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. அன்னைக்கு உள்ள போனா, மரம் பூத்துக் கெடக்கு."

நான் பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

"சீசனுக்கெல்லாம் இல்லத்தா. மகன்ட்ட அப்பிடிச் சொன்னாத்தான் விடுவான். எனக்குத்தான் கேட்டேன். அங்க முன்வீட்டுக் குளியலறையில ஜன்னலே கெடையாது, அஞ்சு நிமிசம் ஆனா மருமக தட்டுறா."

ஒரு குளியலுக்காகவா ஒரு குடும்பத்தைக் கிளப்பினாய், பாவி? "எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லம்மா, தெனமும் தண்ணி காய வச்சுக் குடுத்திருப்பேனே" என்றேன்.

"வாடகைக்கு விட்ட வீட்ல போயி எப்பிடிக் கேக்க?" என்றாள், சாவியை வாங்கிக்கொண்டாள்.

பிளேடு என் பர்ஸில் இருந்தது, கொடுக்கவில்லை, தேடட்டும், அவளும் நகக்கண் வலிக்கச் சுரண்டட்டும். வேன் ஏரியைத் தாண்டுகிறது, தைல இலை என் மடியில் கிடக்கிறது, ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிப் பார்க்கிறேன், வீடு போனது எனக்குத்தானே, வடகவுஞ்சிச் சாக்குப் படுதா எனக்குத்தானே, அவளுக்காக நான் ஏன் உருக வேண்டும்? ஜெயச்சந்திரன் என் கையில் அப்பியிருந்த பெயிண்டைப் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியை நீட்டுகிறார், "காயுறதுக்குள்ள தொடச்சிரு, காஞ்சிட்டா போகாது." துடைக்கிறேன், ஒரு இழுப்பில் போய்விடுகிறது, அடியில் என் தோல் தெரிகிறது, அப்படியானால் அந்தக் கண்ணாடியும்... காய்வதற்குள் என்றால் பிளேடே வேண்டாம், மண்ணெண்ணெய் நனைத்த ஒரு பழைய துணி போதும், இது அவளுக்குத் தெரியுமா? அன்றைக்கு அடித்துவிட்டு அப்படியே விட்டவள்தானே, துடைத்துப் பார்த்திருக்கவே மாட்டாள். பெருமாள்மலையில் வண்டிக்காரன் டீக்கு நிறுத்துவான், கடை வாசலில் ஒரு ரூபாய் போன் இருக்கிறது, முன்வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். பனி இறங்கிவிட்டது, இந்தக் குளிரில் பெயிண்ட் சாயங்காலம் வரை காயாது, பெருமாள்மலை வரைக்கும் நான் கோபமாகவே இருந்துகொள்ளலாம்.