சிவப்புத் தட்டு

தங்கம் கிடைத்த காலத்தில் டன்கெல்லி ஊரில் ஒரு கம்பெனி நாலு திசையிலும் டிராம் ஓடவிட்டது. அந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் தங்கத்தை அள்ளத் தெரிந்ததே தவிர, குன்றுப் பாதையில் இரண்டாவது தண்டவாளம் போட மனசு வரவில்லை. கம்பெனி கைமாறியது, குதிரை போய் மின்சாரம் வந்தது, ஒற்றைத் தண்டவாளம் மட்டும் அப்படியே கிடந்தது. மேலே கால்பந்து மைதானம், கீழே ஓடைக்கரை நிறுத்தம். எதிரெதிரே வரும் வண்டிகள் அந்த நிறுத்தத்தில்தான் விலகிக்கொள்ள முடியும்.

அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு வண்டி இறங்கினால், முதல் வண்டியின் முகத்தில் கண்டக்டர் சிவப்புத் தட்டை மாட்டவேண்டும். பின்னால் இன்னொன்று வருகிறது, பொறு என்று அர்த்தம். தட்டு இல்லையென்றால் பாதை காலி, கீழே நிற்பவன் ஏறலாம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் இறுதிப் போட்டியில் ஊர் அணி ஜெயித்துவிட்டது. வருஷக்கணக்காகத் தோற்று மானம் போயிருந்த அணி. கண்டக்டர் தெல்மா கர்னோ தட்டை ஒழுங்காகத்தான் மாட்டினாள். பிறகு வாலிபர்கள் அணியின் கொடியைக் கொண்டுவந்து வண்டியின் முகத்தில் கட்டினார்கள். தடுக்க வேண்டியவள், ஒரு முடிச்சைத் தானே போட்டுக் கொடுத்தாள். சந்தோஷத்தில் மூளை எங்கே வேலை செய்கிறது? டிரைவர் பெர்ஸ் மணியடித்துக் கிளப்பினான். பின்னால் வரும் வண்டியை ஓட்டுவது அவள் புருஷன் க்ளாரி. மகள் ரூபியும் அப்பா பக்கத்தில் முன்னாடி நின்றாள்.

ஓடைக்கரையில் ஜாக் ரோடா காலி வண்டியோடு காத்திருந்தான். பெர்ஸின் வண்டி வந்ததும் கையை ஆட்டிவிட்டு வண்டியை மேலே கிளப்பினான். ஜனம் இறங்கி முடிந்தது. தெல்மா தடம் மாற்றும் கம்பியோடு முன்பக்கம் போனவள், நிமிர்ந்து கொடியைப் பார்த்தாள்.

"பெர்ஸ், தட்டு தெரியல. கொடி மூடியிருக்கு."

"என்னம்மா சொல்ற?"

"ஜாக் போயிட்டான். க்ளாரி இறங்கி வந்துட்டிருக்கான்."

பெர்ஸ் வெறி பிடித்தவன்போல் மணியை மிதித்தான். ஊரே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அதில் இது யார் காதில் விழும்? ஜாக்கின் வண்டி வளைவில் மறைந்தது. அந்த வளைவில் எதிரே யானை வந்தாலும் தெரியாது.

கம்பத்தில் டெலிபோன் பெட்டி இருந்தது. தெல்மா ஓடிப்போய் மின் நிலையத்தைக் கூப்பிட்டாள். லெஸ் ஹாக்கிங் எடுத்தான்.

"லெஸ், குன்று லைன்ல கரண்ட்டை நிறுத்து."

"குடிச்சிருக்கியா, தெல்மா? நிறுத்தினா டவுன் வண்டியும் சேர்ந்து நிக்கும். ஊரே ரோட்டுல இருக்கு. யாரு சொன்னது, டிராம் இன்ஸ்பெக்டரா?"

"நான்தான் சொல்றேன். ஒரே தடத்துல ரெண்டு வண்டி எதிரெதிரா போகுது."

"தட்டு மாட்டலையா?"

"மாட்டினேன். நானே மூட விட்டேன். நிறுத்துடா, ரூபி அதுல இருக்கா."

தெரு முழுக்க டிராம் விளக்குகள் அணைந்தன. கரண்ட் போனால் கைபிரேக்கைச் சுற்றி இறுக்கி, இருந்த இடத்திலேயே நிற்கவேண்டும் என்பது சட்டம். ஜாக்குக்கு ஏற்றம், நின்றுவிடுவான். க்ளாரிக்கு இறக்கம், நிரம்பி வழியும் வண்டி. அது நிற்குமா என்று கேட்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

இருவரும் தண்டவாளத்தோடு ஏறி ஓடினார்கள். பெர்ஸ் மூச்சிரைக்கச் சொன்னான்: "இதப் பாரு, கொடி காத்துல பறந்து வந்து மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. நானும் அதையே சொல்றேன். உன் வேலை தப்பிச்சிடும்."

அவள் ஓட்டத்தைக் கூட்டினாள்.

வளைவில் இரண்டு வண்டிகளும் முகத்தோடு முகம் நின்றன. இடைவெளியில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான். ஜாக் தண்டவாள ஓரம் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். க்ளாரியின் வண்டிக்குள் ஒன்றும் புரியாத கூட்டம் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. க்ளாரியின் கை கைபிரேக்கை விடவில்லை.

"கடவுள் புண்ணியம், கரண்ட் போச்சு," என்றான் அவளைப் பார்த்து. "இந்த ஜாக் பையன் தட்டைப் பாக்காம ஏறிட்டான். அவனை நான் சும்மா விடப்போறதில்ல."

பெர்ஸ் அவள் முழங்கையைக் கிள்ளினான்.

"ஜாக் மேல தப்பில்ல, க்ளாரி. தட்டு மேல கொடியைக் கட்டவிட்டேன். முடிச்சு போட்டதே நான்தான்."

முன்னால் நின்றவர்களின் பாட்டு நின்றது. க்ளாரி அவளையே பார்த்தான். அவள் கையை நீட்டினாள். அவன் ரூபியைத் தூக்கிக்கொண்டு, தெல்மா நின்ற பக்கம் வராமல், மறுபக்கப் படியில் இறங்கினான்.