பதினொரு பாயிண்ட்

சின்னவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் பள்ளிப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டு நழுவி விழுந்தது. அப்பா அதை வாளித் தண்ணீரில் போட்டு, ஐம்பத்திரண்டும் ஊறிக் கூழாகும்வரை பக்கத்திலேயே நின்றார். "சூதாட்டம் இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது" என்றார். அவளுக்குப் பதினாறு வயதானபோது அதே அப்பா புதுச் சீட்டுக்கட்டு ஒன்றை வாங்கிவந்து, உறைகூடப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்து, "நல்லா மனசு வச்சு ஆடு" என்றார். இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டம் மூளை விளையாட்டு என்றும், அதில் பெயரெடுத்த பிள்ளைகளுக்கு நல்ல கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்றும் பேப்பரில் போட்டுவிட்டார்கள். பேப்பரில் வந்த பிறகு சூது எப்படிச் சூதாக இருக்கும்?

மூத்தவள் மார்க் வாங்கியே இடம் பிடித்துப் போய்விட்டாள். சின்னவள் மார்க்கில் சுமார். அப்பா குக்கர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் அங்கேயே பயிற்சிக்குச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். காலை எட்டு மணியிலிருந்து மாலைவரை குக்கர் மூடியில் முத்திரை குத்தும் வேலை.

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. காற்றடிக்கும் பக்கம் பார்த்துப் பெயர்ப்பலகையை மாற்றும் இடம். முதலில் அழகான கையெழுத்து, பிறகு மணிச்சட்டத்தில் கணக்கு, பிறகு நினைவாற்றல், இப்போது பிரிட்ஜ். நடத்தியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கதவில் டைரக்டர் என்று எழுதி ஒட்டியிருந்ததால் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். பிரிட்ஜை அவர் செல்போன் வீடியோவில் கற்றுக்கொண்டிருந்தார், மாணவர்களைவிடச் சரியாக இரண்டு பாடம் முன்னால். மூன்றாவது பாடத்தில் யாராவது சந்தேகம் கேட்டால், "அது அடுத்த வாரம் வருது" என்பார்.

ஆட்டம் இதுதான். நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. சுற்றுக்கு ஆளுக்கொரு சீட்டு போட, ஜெயித்தவருக்கு ஒரு பிடி. முதலில் ஏலம்: ஆட்டின், டைமன், இஸ்பேடு, கிளாவர் நாலில் எந்த இனத்தைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று மாறி மாறிக் கேட்பார்கள். அதுவும் வாயைத் திறக்காமல், பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துவைத்து. கேட்க ஒன்றும் இல்லாதவர் பச்சை அட்டை வைத்தால் பாஸ். ஏலம் எடுத்த ஜோடியில் அந்த இனத்தை முதலில் கேட்டவர்தான் ஆடுவார். மற்றவர் தன் சீட்டையெல்லாம் மேசைமேல் விரித்துவிட்டுக் கைகட்டி உட்கார வேண்டும். ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று என்று பாயிண்ட் எண்ணி, பன்னிரண்டு இல்லாமல் ஏலத்தைத் தொடங்காதே என்பது முதல் பாடம். அது மட்டும் டைரக்டருக்கே சந்தேகமில்லாமல் தெரியும்.

சின்னவளுக்கு வாய்த்த ஜோடி, லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். வகுப்பில் அவள் பெயர் ஆமை. கையில் குப்பை இருந்தாலும் கொட்டிக் கிடந்தாலும், ஒவ்வொரு அட்டைக்கும் மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டுத்தான் வைப்பாள்.

"நான் சட்டுனு பாஸ் வச்சா எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு உனக்குத் தெரிஞ்சிடும். ரொம்ப யோசிச்சு வச்சா ஏதோ இருக்குன்னு தெரிஞ்சிடும். ரெண்டும் திருட்டுத்தனம்" என்று பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் ஆமை சொன்னாள். சின்னவளுக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. நாலே மாதத்தில் அந்த வகுப்பில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு சின்னப் போட்டியில் கோப்பையும் வந்தது.

கோப்பையை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"இதுல நீ எத்தனையாவது?"

"முதல் ஜோடிப்பா."

"ஜோடி இருக்கட்டும். நீ எத்தனையாவது?"

"அப்படிக் கிடையாதுப்பா. ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

"அதெப்படி? எங்க பேக்டரியில மூடி தனி, பானை தனி. தனித்தனியா பாத்துத்தான் முத்திரை குத்துவோம்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "தனித்தனியாவா சமைக்கிறாங்க?" என்று கேட்டாள். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. தனக்கு வேண்டாதது காதில் விழாமல் இருப்பதற்கு அவர் தனியாகப் பயிற்சி எடுத்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் சங்கம் கூடியது. அங்கே வந்த எல்லா அப்பா அம்மாவுக்கும் அதே அரிப்புத்தான். 'எம் பொண்ணு நாப்பது ஆட்டத்துல பதினேழு தடவை சீட்டை விரிச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கா. அதுக்கா பணம் கட்டுறோம்?' என்று ஒரு பல் மருத்துவர் பொங்கினார். டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் தனித்திறன் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். ஆடியவருக்கு மார்க், விரித்தவருக்கு ஒன்றுமில்லை. ஆடித் தோற்றால்? முயற்சிக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டது. ஆகவே ஆடினாலே இரண்டு மார்க், ஜெயித்தால் கூட ஒன்று. ஆண்டுப் போட்டி முடிந்ததும் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு, அவர்கள் எல்லோரும் வாய்பிளந்து பார்க்கும் அந்தக் கல்லூரிக்கு டைரக்டர் ஒரு பரிந்துரைக் கடிதம் தருவார். கல்லூரியே ஒரு பெயர்தான் கேட்டிருந்தது.

பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. எதிராளியோடு ஏலம் போட வேண்டிய பிள்ளைகள் தங்கள் ஜோடியோடு ஏலம் போட ஆரம்பித்தன. ஒன்று ஆட்டின் என்றால் எதிரே இருப்பது இஸ்பேடு என்றது. இது இரண்டு என்றால் அது மூன்று. ஐந்து பாயிண்ட் வைத்திருந்த பையன் ஏலத்தைத் தொடங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். எல்லோரும் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள், மார்க் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பெற்றோர்களுக்கு ஏக சந்தோஷம்.

சின்னவள் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவளா? ஒருநாள் அவளும் ஆமையும் ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறி, ஏழுவரை போய்விட்டார்கள். ஏழு என்றால் பதின்மூன்று பிடியும் எடுத்தாக வேண்டும். எடுத்தது ஏழு பிடி. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சீட்டைச் சேர்க்கும்போது ஆமை, "எங்கிட்ட என்ன இருக்குன்னு நீ கேக்கவே இல்ல" என்று மட்டும் சொன்னாள். "நீ மட்டும் கேட்டியா?" என்றாள் சின்னவள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், அட்டை வைத்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். சின்னவளுக்கு அது ஏழு தோற்றதைவிட வலித்தது, ஆனால் போய்ப் பேச ரோஷம் விடவில்லை.

ஆண்டுப் போட்டி வந்தது. எட்டு மேசை. எட்டிலும் நிலையத்துப் பிள்ளைகள் வடக்கு தெற்காக உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் கிழக்கு மேற்காக. ஒரே சீட்டு எட்டு மேசைக்கும் சுற்றி வரும், அதே கையை வைத்து யார் எப்படிச் செய்தார்கள் என்று ஒப்பிடுவார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெற்றோர்கள். அப்பாவுக்கு ஆட்டம் துளியும் தெரியாது. சீட்டை மேசைமேல் விரித்தால் நட்டம், விரிக்காவிட்டால் லாபம், அவ்வளவுதான் கணக்கு. சின்னவள் விரிக்கும்போதெல்லாம் நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் டைரக்டர் பட்டியலைப் புதுப்பித்தார். ஆமை அறுபத்து மூன்று. சின்னவள் அறுபத்திரண்டு. மற்றவர்கள் எட்டாத தூரத்தில். இன்னும் ஒரே ஒரு கை. அதைச் சின்னவள் ஆடினால் போதும், ஜெயிக்கக்கூட வேண்டாம், கடிதம் அவளுக்கு.

சீட்டை எடுத்து அடுக்கினாள். ஆட்டினில் ராஜா ராணியோடு ஐந்து சீட்டு. டைமனில் ஏஸ். இரண்டு ஜாக்கி. இஸ்பேடு ஒன்றே ஒன்று. எண்ணிப் பார்த்தாள்: பதினொன்று. மறுபடி எண்ணினாள். எண்ண எண்ண ஏறுவதற்கு அது என்ன பட்டியலா? பதினொன்றாகவே இருந்தது.

முதலில் கேட்க வேண்டியவன் மேற்கிலிருந்த வெளியூர்ப் பையன். பச்சை அட்டை. அடுத்தது ஆமை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். பச்சை அட்டை. கிழக்கும் பச்சை. இப்போது மூன்று பாஸ் தாண்டிச் சின்னவளிடம் வந்து நின்றது ஏலம்.

ஒரு ஆட்டின் அட்டையை எடுத்துவைத்தால் முடிந்தது. விரல் அந்த அட்டைமேல்தான் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அப்பா இரண்டு கையையும் மூடிக் காட்டினார். விரிக்காதே என்று அர்த்தம். குக்கர் மூடிகள் வரிசையாக அவள் கண்ணில் ஓடின. எதிரே ஆமை தன் சீட்டைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கிட்ட என்ன இருக்குன்னு நீ கேக்கவே இல்ல. இப்போது கேட்காமலே சொல்லியிருக்கிறாள்: பன்னிரண்டு இல்லை என்று. தனக்கும் இல்லை. இரண்டு பேரிடமும் இல்லாததை வைத்துக்கொண்டு எதை ஆடுவது?

சின்னவள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். பச்சை அட்டையை வைத்தாள்.

நாலு பேரும் பாஸ் என்றால் அந்த ஆட்டம் கிடையாது. சீட்டை உறையில் போட்டுவிட்டு, தாளில் ஒரு பூஜ்யம் எழுத வேண்டியதுதான். எழுதினார்கள். அப்பா நோட்டில் என்ன குறி போடுவது என்று தெரியாமல் பேனாவோடு நின்றார்.

மற்ற ஏழு மேசையிலும் அதே பதினொன்றை வைத்துக்கொண்டு ஒருவர் ஆட்டின் கேட்க, எதிரே இருந்தவர் இஸ்பேடு கேட்க, மறுபடி ஆட்டின், மறுபடி இஸ்பேடு என்று நாலு ஐந்துவரை ஏறி, ஏழு ஜோடியும் குப்புற விழுந்திருந்தன. ஏழிலும் மைனஸ். பூஜ்யம்தான் அந்தக் கூடத்திலேயே பெரிய எண். அந்தப் பூஜ்யத்தால் அரைப் புள்ளி வித்தியாசத்தில் கோப்பை சின்னவளுக்கும் ஆமைக்கும் வந்தது. பட்டியல்படி கடிதம் ஆமைக்கு.

சின்னவள் கை தட்டினாள், படம் எடுக்க நின்றாள், பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு அந்த இடம் வேண்டும் என்று ஆசைதான். நல்லது செய்தோம் என்று மனது குளிர்ந்துவிடவெல்லாம் இல்லை.

ஆமை வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"உனக்கு எத்தனை இருந்துச்சு?"

"பதினொண்ணு" என்றாள் சின்னவள். "உனக்கு?"

"பதினொண்ணு. இஸ்பேடு அஞ்சு சீட்டு."

"நீ தொடங்கியிருந்தா அப்பவே உனக்கு உறுதியாயிருக்குமே."

"பதினொண்ணுதானே இருந்துச்சு."

இரண்டு மாதம் கழித்துப் பேசியதே இவ்வளவுதான். சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆமை கைக்குட்டை கொடுத்தாள், அதையும் மூன்று எண்ணிவிட்டு.

உள்ளே டைரக்டர் அறையில் அப்பா குரல் உயர்ந்தது. "அந்த ஆட்டத்தாலதான் கோப்பையே வந்துச்சுங்கிறீங்க. அப்ப அதுக்கு மார்க் எங்கே? சும்மா விட முடியாது சார்." பல் மருத்துவரும் கூடச் சேர்ந்துகொண்டார். டைரக்டர் வீடியோவில் தேடிப் பார்த்தார். அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. கடைசியில் சரி, சரியான முடிவை முதலில் எடுத்தவருக்கு இரண்டு மார்க் என்று பட்டியலில் புதுக் கட்டம் ஒன்று போட்டார். தாளில் வெறும் பூஜ்யம்தான் இருந்தது, யார் முதலில் என்று எழுதும் வழக்கம் இல்லை. கடிதத்தில் பெயர் எழுதும் இடத்தை வெள்ளை மையால் அழித்துவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சின்னவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அப்பா அவள் தோளில் கைவைத்தார். கோபமில்லை, கெஞ்சுகிற முகம். அவளுக்காகத்தான் இந்த மனிதர் இவ்வளவு கத்தியிருக்கிறார் என்று சின்னவளுக்குத் தெரிந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. உங்க ரெண்டு பேர்ல முதல்ல பாஸ் சொன்னது யாரு?"

அறையில் இருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் அது தெரியாது. நான் என்று ஒரு வார்த்தை போதும். வெள்ளை மை இன்னும் காயவில்லை.

"அவதான்ப்பா."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். நோட்டை மூடினார். எத்தனையோ குக்கர்களைத் தள்ளிவைத்த அதே குரலில் கேட்டார்.

"அப்ப நீ அவளைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கே."

சின்னவள், தன் பின்னாலேயே வந்து கதவோரம் நின்ற ஆமையைப் பார்த்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "அவளைப் பாத்துத்தான்."