பின்கட்டு இணைப்பு

என் மனைவி வசுமதி சமையலறையில் இருக்கிறாள். கூடத்திலிருந்து அங்கே போக நாற்பது நிமிடம் ஆகிறது. போன வாரம் இருபதுதான் ஆனது.

தப்பு எங்களுடையது. சொந்தச் செலவில் சூனியம். ஏழு வருடத்துக்கு முன் வீட்டுக்கு இரண்டாவது மின் இணைப்பு வாங்கினோம். இலவச யூனிட் இரண்டு பங்காகக் கிடைக்கும். ஊரே செய்வதுதான். கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டோம், முன்கட்டில் நான், பின்கட்டில் அவள், தனித்தனிச் சமையல் என்று எழுதிக் கொடுத்தோம். பார்வையிட வந்தவர்களுக்குக் காட்ட ஓர் அடுப்பை இரவல் வாங்கிக் கூடத்தில் வைத்தேன். வசுமதி கொஞ்சம் அழுதும் காட்டினாள். அவர்கள் போனதும் ஒரே தட்டில் சாப்பிட்டுச் சிரித்தோம்.

பழைய மீட்டர் எல்லாம் தெரிந்தும் ஊமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சித்திரையில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டினார்கள். எதிர்வீட்டு எத்திராஜ் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பக்கத்து வீட்டில், ஒட்டுக்கேட்கும் என்று துண்டு போட்டு மூடினார்கள். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அது எங்கள் பழைய காகிதங்களைப் படித்தது. நம்பிவிட்டது. மறுநாளே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த வழி நீளத் தொடங்கியது.

நடந்து போய் அவளோடு இருக்கலாம்தான். ஒருமுறை போனேன். மீட்டர் என்னை மின்திருட்டு என்று பதிவு செய்தது. போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் மறுபடி கூடத்தில் கிடந்தேன்.

அலுவலகம் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. குனிந்து உள்ளே போனேன். கண்ணாயிரம் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், நாற்காலி போட்டார். பொய் சொல்லிவிட்டோம், ஒரே குடும்பம்தான், எப்படியாவது சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஒரே குடும்பம்னா ரெண்டு பக்கமும் எப்படி சார் ஓடுது?" என்றார்.

ஒரு பக்கம் ஒரே ஒரு நாள் பூஜ்யம் காட்டினால் போதுமாம், இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன். மனு என் பெயரில் இருப்பதால் என் பக்கம் ஓடியாக வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வழியின் முனையில் நின்று கத்தினேன். ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னேன். மின்விசிறியை அணைத்தாள். ஃபிரிட்ஜை அணைத்தாள். மிக்ஸியின் பிளக்கையும் பிடுங்கினாள். கடைசியாக விளக்கு. அந்தப் பக்கம் கும்மிருட்டானது.

கண்ணாயிரம் திரையைப் பார்த்தார். "இன்னும் ஏதோ கொஞ்சம் இழுக்குது சார்."

வேறு என்ன ஓடுகிறது என்று கத்திக் கேட்டேன். பதில் வந்து சேர நேரமாயிற்று.

"வேற ஒண்ணும் இல்லீங்க. நான்தான் இருக்கேன்."

வேண்டாம், விளக்கைப் போடு என்று சொல்லியிருக்கலாம். சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம். ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள் என்றேன். பாவி நான், அதைத்தான் சொன்னேன்.

"சரிங்க. அடுப்பு மேல ரசம் இருக்கு. சூடு பண்ணிக்கோங்க."

பூஜ்யம் வந்தது. கண்ணாயிரம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் சாயங்காலம் ஆணை வந்தது. ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு ஆள். நாலே எட்டில் சமையலறைக்குப் போய்விட்டேன். ரசம் புளித்து நுரைத்திருந்தது. கரித்துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேடைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், மாவு டின்னுக்குள்கூடத் தேடினேன். பிறகு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கண்ணாயிரம் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். அவருக்கும் வருத்தம்தான், முகத்திலேயே தெரிந்தது.

"சார், ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் ஊரே இழுக்கிற நேரம். பத்துக்கு மேல அழுதுக்குங்க."

நியாயம்தான். வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது மணி ஆறு பத்து.