சாப்பாட்டுக்குப் பின்

கவுன்ட்டர் திறந்து இருபத்திரண்டு நாள். அந்த இருபத்திரண்டு நாளும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யாரோ வந்தார்கள். தம்பி மட்டும் வரவில்லை.

பத்து வருடம் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிப் போட்டவள் அவள். ஹெராயினை விடவே முடியாமல் கிடப்பவர்களுக்கு, டாக்டர் எழுதும் அளவில், கலப்படமில்லாமல் கொடுத்துப் பார்ப்போம் என்று நகராட்சி ஒரு வருடச் சோதனையாக இந்த கவுன்ட்டரைத் திறந்தபோது, அந்த வேலையைத் தானாகக் கேட்டு வாங்கி வந்தாள். மருந்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. நர்ஸ் கண்ணெதிரே போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

"தெருவுல வித்தா போலீஸு, கவுன்ட்டர்ல வித்தா சம்பளமா? நல்லா இருக்குடி உங்க நியாயம்!" என்று தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்துவாள்.

"விக்கலம்மா. தெருவுல வாங்குறதுல என்ன கலந்திருக்குன்னு வாங்குறவனுக்கும் தெரியாது, விக்கிறவனுக்கும் தெரியாது. இங்க எல்லாத்துக்கும் அளவு இருக்கு."

"அவன் நிறுத்தணும்னு நான் கெடக்குறேன். நீ அளந்து குடுக்குறேங்குற."

"உசுரோட இருந்தாத்தானேம்மா நிறுத்துவான்?"

அதற்கு மெஷின்தான் பதில் சொல்லும், கடகடவென்று. பழைய மெஷினைத் தம்பி தூக்கிப்போய் விற்றுவிட்டான். புதியதைச் சங்கிலி போட்டு மேசைக்காலோடு பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள் அம்மா. அன்றிலிருந்து இரண்டு வருடமாக அவனுக்கு வீட்டுக் கதவும் பூட்டுதான்.

இருபத்து மூன்றாம் நாள் மாலை தம்பி வந்தான். குச்சிபோல இருப்பதால் சிநேகிதர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஈர்க்கு. இப்போது அந்தப் பெயரே பருமனாகத் தெரிந்தது.

"என்கூடவே சுத்துவானே குண்டன், ஞாயித்துக்கிழமை செத்துப் போயிட்டான்க்கா. பஸ் ஸ்டாண்டு பின்னாடி. ரெண்டு பேரும் ஒரே பொட்டலத்துலதான் பிரிச்சோம். அவன் முதல்ல போட்டான்." அவன் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு பயமா இருக்கு."

அழுதால் வேலை நடக்காது. டாக்டர் அவனைப் பரிசோதித்து எழுதி அனுப்பியதும், அக்கா புது அட்டை ஒன்றை எடுத்தாள். அளவு, காலை எட்டு மணி, மாலை ஐந்து மணி என்று பேனா தன்பாட்டுக்கு ஓடியது. முத்திரை குத்திக் கொடுத்தாள். அன்றைய மருந்தைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அவன் போனான்.

பதிவேட்டுக்கான நகலைப் பார்த்த நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, என்ன எழுதி வச்சிருக்கீங்க? காலை, மாலை, சாப்பாட்டுக்குப் பின்னா? இருமல் டானிக்கா குடுக்குறோம்?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பத்து வருடப் பழக்கம்! டாக்டரிடம் ஓடினாள்.

"சாப்பிட்டா கெடுதல் ஒண்ணுமில்ல. ஆனா நான் எழுதாதது அட்டையில இருக்கக் கூடாது. நாளைக்கு வந்ததும் திருத்திடுங்க" என்றார் அவர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அம்மா தாழ்ப்பாளை எடுக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"என்னடா வேணும்? விக்கிறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல."

"சாப்பாடு இருக்காம்மா?" தம்பி அட்டையை ஜன்னல் கம்பியில் ஒட்டிக் காட்டினான். "எட்டு மணிக்குப் போகணும். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு போட்டிருக்கு. சாப்பாட்டுக் கடையில யாரும் என்னை உள்ள விட மாட்டேங்கிறாங்க."

அம்மா அட்டையைப் படித்தாள். திரும்பி மகளைப் பார்த்தாள். "அப்படியா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். ஆனால் என்ன கொடுக்கிறோம் என்பதை உள்ளபடி சொல்வதற்காகத்தானே அந்த கவுன்ட்டர்?

"இல்லம்மா. கைப்பழக்கத்துல தப்பா எழுதிட்டேன். சாப்பிடணும்னு கட்டாயமில்ல."

ஜன்னலுக்கு வெளியே தம்பியின் முகம் சுருங்கியது. அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு தாழ்ப்பாளை எடுத்தாள்.

"தப்பா எழுதுனாளாம், தப்பா! ஏண்டி மரம் மாதிரி நிக்கிற? ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்து. டேய், கையைக் கழுவு. அந்த மெஷின் பக்கம் போன, தெரியும் சேதி!"

நாலு ரொட்டி சாப்பிட்டான். ஐந்தாவதைப் பாதியில் வைத்துவிட்டு, முடியவில்லை என்று வெட்கமாகச் சிரித்தான்.

எட்டு மணிக்கு மூன்று பேருமாகவே கவுன்ட்டருக்குப் போனார்கள். தம்பி உள்ளே நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார, அம்மா வெளி பெஞ்சில் அதே அரை மணி நேரம் உட்கார்ந்தாள். அவன் தன் காலில் நடந்து வெளியே வந்ததை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டாள்.

அக்கா அவன் அட்டையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்ற வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அதைப் பார்த்ததும் அம்மா நேராக நர்ஸிடம் போனாள்.

"இந்தாம்மா, இது எனக்குப் பிடிக்கல. இப்பவும் சொல்றேன், நாளைக்கும் சொல்வேன். ஆனா இவன் வெறும் வயித்தோட வந்தா குடுக்காதீங்க. வீட்டுக்கு அனுப்புங்க."

"அப்படி ஒரு ரூல் இல்லீங்களேம்மா."

"ரூல் போட்டுத்தானே கடை நடத்துறீங்க?" என்றாள் அம்மா. "இதையும் சேத்து எழுதுங்க."