பின் பெஞ்சில் ஆசிரியர்கள்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, சித்தியுடையது. ஓய்வு பெற்றபின் ஒருநாள் மாடியில் துணி மடித்துக்கொண்டே, "எங்க ஸ்டாஃப் ரூம்ல எப்படிச் சிரிப்போம் தெரியுமா" என்று ஆரம்பித்தாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு முன்னாடி யாரும் யார்கூடவும் பேசினதில்ல" என்றாள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நடந்ததுதான் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கல்வி என்பது கூட்டு முயற்சி, அதில் தலைமை ஆசிரியரின் பங்கு...'

சித்தி படித்துவிட்டு, "ஆண்டு மலருக்கா?" என்றாள். நிறுத்திவிட்டேன்.

2

சித்தி கணக்கு டீச்சர். வகுப்புக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திவிடுவாள். பக்கத்து வகுப்பு வரலாற்று சாரும் அப்படியே. (இருவருக்கும் டைம்டேபிள் தகராறு, வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசியதில்லை. யார் மேல் தப்பு என்று கேட்டேன். "அவர் மேலதான்" என்றாள், இன்றைக்கும்.)

தலைமை ஆசிரியர் பதவி தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள். வெளியிலிருந்து ஓர் அம்மா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கூட்டத்திலேயே சொன்னார்: "சனிக்கிழமை ஏழாம் வகுப்புக்கு நான் பின்னம் எடுக்கறேன். எல்லாரும் பின்னாடி வந்து உட்காருங்க. எங்க சொதப்பறேன்னு சொல்லுங்க."

வேடிக்கை பார்க்கவே எல்லாரும் போனார்கள்.

3

சொதப்பினார். பிள்ளைகள் வாயே திறக்கவில்லை.

(வேண்டுமென்றே சொதப்பினார் என்று எழுதிப் பார்த்தேன். சித்தி ஒப்பவில்லை. "நடிப்பெல்லாம் இல்ல. அந்தம்மா கை நடுங்கிச்சு.")

பிள்ளைகள் போனதும் நேராகச் சித்தியிடம் வந்தார். "சொல்லுங்க டீச்சர்."

சித்திக்கு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"கேள்வியும் கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க மேடம். பசங்க யோசிக்க நேரமே விடல." பிறகு, ஏனென்று தெரியாமலே, "நானும் அப்படித்தான் செய்யறேன்" என்றாள்.

வரலாற்று சார் தொண்டையைக் கனைத்தார். "ஆனா நீங்க பின்னம் எடுத்தா நல்லாருக்கும் டீச்சர். சுவர் தாண்டிக் கேட்கும். என் பாடத்தை நிறுத்திட்டுக் கேட்டிருக்கேன்."

சித்திக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

4

அதன்பின் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்கார்ந்தார்கள், சண்டை போட்டார்கள், டீ ஆறும்வரை சிரித்தார்கள். "அந்த நாளெல்லாம்..." என்று சித்தி பாதியில் விட்ட வாக்கியத்தை நானும் அப்படியே விடுகிறேன்.

அந்த அம்மாவுக்கு மாற்றல் வந்தது. நாற்காலி சித்திக்கு. முதல் சனிக்கிழமை அவள் எடுக்கத் துணிந்தது கணக்கை அல்ல. தனக்குச் சுத்தமாக வராத வரலாற்றை. பின்னால் வரலாற்று சார்.

பிரமாதமாக எடுத்தாள் என்று முடித்தேன். சித்தி அந்த வரியை அடித்தாள். சொதப்பினாள் என்று மாற்றினேன். அதையும் அடித்தாள்.

"நானும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது. பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்கதான் சொல்லணும்."

வரலாற்று சாருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. சித்தி சாக்பீஸை எடுத்துவிட்டாள். வந்து உட்காருங்கள்.