பத்து மணிக்கு முன் மடங்காத கை

ஜெர்மனியின் ஹனோவர் நகரமே விழித்து வேலைக்கு ஓடினாலும் மகாதேவியின் விரல்கள் பத்து மணிக்கு முன் மடங்கமாட்டேன் என்று அடம்பிடித்தன. முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது என்றார் டொக்டர். வேலியே பயிரை மேய்ந்த கதை. அவளுக்கோ முதியோர் இல்லச் சமையலறையில் விடிகாலை வேலை.

மாலை வேலைக்கு மாற்றிக் கேட்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். கணவர் இராசலிங்கம் விடவில்லை.

"அங்கை எங்கடை ஊர்ச் சிசிலியும் வேலை செய்யிறா. அவவின்ரை காதிலை விழுந்துதெண்டால் பின்னேரத்துக்குள்ளை லண்டன் வரைக்கும் போயிடும். எங்கடை ஆதிரைக்குக் கலியாணம் பேசுற நேரத்திலை வாயைத் திறந்துபோடாதை."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊர்வாய்தான் ஏப்ரன் கட்டிக்கொண்டு சிசிலி என்ற பெயரில் மகாதேவிக்குப் பக்கத்தில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது. மகாதேவியும் மகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள்.

ஒரு வியாழக்கிழமை, கோப்பைகள் அடுக்கிய தட்டு அவள் கையிலிருந்து நழுவிச் சிதறியது. போன கிழமையும் இப்படித்தான். பொறுப்பாளர் குரூகர் அம்மாள் ஓடி வந்தார்.

"கவனமில்லாதவர்களை வைத்து என்னால் சமையலறை நடத்த முடியாது. இன்னொரு முறை உடைந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

கவனமில்லாதவளா! வலியோடு வலியாக இத்தனை காலம் உழைத்தவளுக்கு உச்சி கொதித்தது. இராசலிங்கத்தின் முகம் ஒரு கணம் கண்முன் வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சமையலறை முழுக்கக் கேட்கும்படி ஜெர்மனில் சொன்னாள்.

"எனக்குக் கவனக்குறைவு இல்லை, முடக்குவாதம். காலையில் கை மடங்காது. மாலை வேலை தாருங்கள். அதன் பிறகும் உடைத்தால் என்னைக் கேளுங்கள்."

குரூகர் அவளுடைய வீங்கிய விரல்களைப் பார்த்தார். வருகிற திங்களிலிருந்து மாலையில் வரச் சொன்னார்.

"இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?"

மகாதேவி திரும்பினாள். சிசிலி பாதி உரித்த கிழங்கோடு வாயைப் பிளந்து நின்றாள்.

"என்ன பிள்ளை, உமக்கு வாதமே?"

"ஓம் அக்கா, முடக்குவாதம். பேரைப் பிழையாச் சொல்லிப்போடாதேங்கோ. இண்டைக்கே எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் சொல்லுங்கோ."

குனிந்து, மடங்காத கையாலேயே உடைந்த துண்டுகளைத் தட்டில் கூட்டினாள்.

"சொல்லேக்கை, நான் வேலையை விடேல்லை எண்டதையும் மறக்காமல் சொல்லுங்கோ."